விண்கலத்தில் தாத்தா காலத்துப் பாட்டு

எதிர்காலத்தைப் படமாக எடுக்கிறவர்களுக்குப் பாட்டைத் தவிர எல்லாமே சுலபம். விண்கலம் வேண்டுமா, பிளாஸ்டிக்கில் செய்து சாம்பல் வண்ணம் அடித்துவிடலாம். உடுப்பு வேண்டுமா, பளபளவென்று எதையாவது தைத்து மாட்டிவிடலாம். சாப்பாட்டுக்கு நாலு நிறத்தில் கூழ் போதும். ஆனால் 2001-ல் ஜனங்கள் எந்தப் பாட்டை முணுமுணுப்பார்கள் என்று 1968-ல் யாருக்குத் தெரியும்? எதிர்காலப் பாட்டு ஒன்று போட்டுத் தாருங்கள் என்று இசையமைப்பாளரைக் கேட்டால், மின்கருவியில் நாலு தடவை ‘வ்யூம்’ என்று ஒலியெழுப்பித் தருவார். பத்தே வருஷத்தில் அது படத்திலேயே மிகப் பழைய சமாசாரமாகிவிடும்.

அதனால் எதிர்காலத்துக்குத் தாத்தா காலத்துப் பாட்டைப் போடுவது என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. இப்போது இதை ஆழ்ந்த கலைத் தீர்மானம் என்று வைத்துக்கொண்டு ஆய்வேடுகள் எழுதுகிறார்கள். எழுதட்டும். நடந்த கதையைப் பார்த்தால் பிடிவாதமும் சோம்பலும் சரிபாதி. மிச்சம், கைக்கு எட்டிய இசைத்தட்டு.

இதில் முதல் பலி அலெக்ஸ் நார்த். சாதாரண ஆள் இல்லை. ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்துக்கு இசையமைத்தவர். ‘அன்செயின்ட் மெலடி’ என்று உலகமே உருகிப் பாடியதே, அதன் மெட்டு அவருடையது. 1967 டிசம்பரில் ஸ்டான்லி குப்ரிக் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’க்கு இசை வேண்டும் என்று அவரை லண்டனுக்கு அழைத்தார். வந்து பார்த்தால் படத்தில் ஏற்கெனவே இசை ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தொகுப்பின்போது காட்சியின் வேகம் பிடிபடுவதற்காக, கடையில் வாங்கின இசைத்தட்டுகளிலிருந்து எடுத்துத் தற்காலிகமாக ஒட்டிவைப்பது வழக்கம். டெம்ப் டிராக் என்பார்கள். குப்ரிக் அதையே நாள் கணக்கில் கேட்டுக் கேட்டு அதன்மேல் காதல் கொண்டுவிட்டார். தற்காலிகம் என்று வந்து உட்கார்ந்தது எழுந்து போகாது என்பதை நம் ஊரில் அரசு அலுவலகம் பக்கம் ஒதுங்கிய யாரும் நார்த்துக்குச் சொல்லியிருப்பார்கள். அவருக்குத்தான் யாரும் இல்லை.

மனுஷர் இரவுபகலாக உட்கார்ந்து இரண்டு வாரத்தில் நாற்பது நிமிஷத்துக்கு மேல் இசை எழுதினார். வேலைப் பளுவில் தசையெல்லாம் பிடித்துக்கொண்டு, ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஆம்புலன்ஸில் போய் இறங்கினார். வாத்தியக் குழுவை ஹென்றி பிராண்ட் நடத்தினார். பிறகு, மிச்சப் படத்தைக் காட்டுங்கள், மேற்கொண்டு எழுதுகிறேன் என்று காத்திருந்தார். இனிமேல் இசை வேண்டாம், விண்வெளி வீரன் மூச்சுவிடும் சத்தமே போதும் என்று பதில் வந்தது. போகட்டும், எழுதியவரைக்கும் இருக்குமே என்று 1968 ஏப்ரலில் நியூயார்க் திரையிடலுக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு ஸ்வரம் இல்லை. சமையல்காரரை வரவழைத்து விறகும் அடுப்பும் கொடுத்துவிட்டு, பந்தியில் ஹோட்டல் சாப்பாட்டைப் பரிமாறிய கல்யாணம் மாதிரி ஆகிவிட்டது. அதுவும் அவருக்கு இலை போட்ட பிறகுதான் தெரிகிறது.

பரிமாறப்பட்டது என்ன? இரண்டு ஸ்ட்ராஸ். ஒருவர் ரிச்சர்ட், இன்னொருவர் யோஹான். பெயர்தான் ஒன்று, சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. சூரியன் எழும்போது பேரிகை அதிர்கிறதே, அது ரிச்சர்டின் ‘இப்படிப் பேசினான் ஜரதுஷ்ட்ரன்’, 1896. படத்தில் ஒலிப்பது கராயன் நடத்தி டெக்கா நிறுவனம் வெளியிட்ட பதிவு. டெக்காவுக்கு ஒரே பயம்: குரங்கு வேஷம் போட்டு ஆடுகிற படத்தோடு தங்கள் மேதையின் பெயர் சேர்ந்தால் என்ன ஆவது? எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் மட்டும் போடாதீர்கள் என்று நிபந்தனை வைத்தார்கள். படம் ஓடு ஓடென்று ஓடியது. ஆனால் படத்தின் பேரில் வந்த இசைத்தட்டில் இருந்தது வேறொரு நிறுவனத்தின் பதிவு, கார்ல் பம் நடத்தியது. காசு அங்கே போனது. அப்புறம் டெக்கா, படத்தில் நீங்கள் கேட்டது எங்களுடையதுதான் ஐயா என்று உறையில் அச்சடித்து விற்க ஆரம்பித்தது. கௌரவம் பார்ப்பவர்கள் கடைசியில் கடைவாசலில் நின்று கூவத்தான் வேண்டியிருக்கிறது.

விண்கலம் சுழன்று நிலையத்தில் சேரும் காட்சிக்கு யோஹான் ஸ்ட்ராஸின் ‘நீல டான்யூப்’. இதை இன்றைக்கு நாம் மரியாதையாக செவ்வியல் இசை என்கிறோம். 1867-ல் வியன்னாவில் அது முதன்முதலாக அரங்கேறியபோது அதற்கு வரிகள் இருந்தன. ஆண்கள் கோஷ்டி ஒன்று பாடியது. வரிகளை எழுதியவர் காவல்துறையில் வேலை பார்த்தவர், நையாண்டிக் கவிஞர். ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்துச் சுற்றும் வால்ட்ஸ் ஆட்டத்தைக் கண்டு அதற்கு முந்தைய தலைமுறைப் பெரியவர்கள் முகம் சுளித்திருக்கிறார்கள். அதாவது இது அந்தக் காலத்து டப்பாங்குத்து. ஒரு நூற்றாண்டு தூசி படிந்ததும் தெய்விகமாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே காட்சியில் குப்ரிக் பல லட்சம் டாலர் கொட்டி யோசித்த எதிர்காலமும் இருக்கிறது. விண்வெளி நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் கலத்தின் விலாவில் பான் ஆம் விமான நிறுவனத்தின் பெயர். பான் ஆம் 1991-ல் திவாலானது. நிபுணர்களைக் கூட்டி வைத்துக் கணித்ததெல்லாம் ஊத்திக்கொண்டது. சும்மா ஒட்டிவைத்த நடனப்பாட்டு மட்டும் தேறியது.

ஆனால் என் ஓட்டு டான்யூபுக்கு இல்லை, ‘டெய்ஸி பெல்’லுக்கு. ஹால் என்கிற கணினி கொலைகாரனாகி, கடைசியில் அதன் நினைவுத் தட்டுகளை ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். குரல் தடித்துக்கொண்டே போக, அது ஒரு பாட்டைப் பாடியபடி அணைகிறது. மனித குலத்தின் ஆகச் சிறந்த மூளை சாகும்போது பாடுவது என்ன? வண்டி வாங்கக் காசில்லை, இருவர் மிதிக்கும் சைக்கிள் இருக்கிறது, கட்டிக்கொள்கிறாயா என்று ஒருவன் ஒரு பெண்ணிடம் கெஞ்சும் 1892-ம் ஆண்டுப் பாட்டு. எழுதியவர் ஹாரி டேக்கர். அவர் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குத் தன் சைக்கிளோடு போய் இறங்கினாராம். சுங்கத்தில் வரி தீட்டினார்கள். நல்லவேளை, இருவர் மிதிக்கும் சைக்கிளாகக் கொண்டுவரவில்லை, இரட்டை வரி போட்டிருப்பார்கள் என்று நண்பர் கிண்டல் செய்ய, அதிலிருந்து பாட்டு பிறந்தது என்று ஒரு கதை. கதை உண்மையானால் விண்வெளியின் மகத்தான சாவுக்காட்சிக்கு மூலகாரணம் சுங்க இலாகா.

இந்தப் பாட்டை எந்தக் கவிஞர் தேடிப்பிடித்தார் என்று கேட்கிறீர்களா? ஒரு ஆய்வுக்கூடம். 1961-ல் நியூஜெர்சியின் பெல் லேப்ஸில் ஜான் கெல்லியும் கேரல் லாக்பாமும் ஓர் ஐபிஎம் கணினிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். பேச்சு வந்ததும் பாடு என்றார்கள். மேக்ஸ் மேத்யூஸ் பக்கவாத்தியத்தையும் கணினியிலேயே தயாரித்தார். பாடவைத்தது ‘டெய்ஸி பெல்’. சளிப்பிடித்த தேனீ ஒன்று தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்கும். அந்தச் சமயம் அங்கே வேலைபார்த்த நண்பர் ஜான் பியர்ஸைப் பார்க்க வந்திருந்தார் ஆர்தர் சி. கிளார்க். 1956-லேயே இலங்கையில் குடியேறி, கடலில் முக்குளித்துக்கொண்டும் விண்வெளி நாவல் எழுதிக்கொண்டும் சௌக்கியமாக இருந்தவர். கேட்டார், மனசில் வைத்துக்கொண்டார், சமயம் வந்தபோது கொலைகாரக் கணினியின் வாயில் போட்டுவிட்டார்.

படத்தின்படி ஹால் இயங்கத் தொடங்கிய நாள் 1992 ஜனவரி 12. பாட்டுக்கு அப்போது சரியாக நூறு வயது. பாடம் எடுத்த ஆசிரியர் படத்தில் லாங்லி என்கிற வெள்ளைக்காரர். கிளார்க்கின் நாவலில் அவர் டாக்டர் சந்திரா. பிற்பாடு எழுதிய ‘2010’ நாவலில் முழுப்பெயரையும் கொடுத்தார்: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. ஆக, ஹாலுக்கு வாத்தியார் நம் ஆள். அவர் கையில் முழுசாக விட்டிருந்தால் கணினி ‘சரளி வரிசை’யில் தொடங்கி இரண்டாவது காலத்தில் செத்திருக்கும். மற்ற நாட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் சளைக்கவில்லை. பிரெஞ்சு டப்பிங்கில் ஹால் அவர்களுடைய நிலாப்பாட்டு ஒன்றைப் பாடுகிறது. ஜெர்மன் டப்பிங்கில் அவர்கள் ஊர்க் குழந்தைப் பாட்டு. கணினி எந்த ஊரில் செத்தாலும் அந்த ஊர் பாலர் பள்ளியை நினைத்துக்கொண்டே சாகிறது.

குப்ரிக்கின் அடுத்த படம் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’, 1971. வருங்கால பிரிட்டனில் ரவுடிப் பையன்கள் ஒரு வீட்டுக்குள் புகுந்து கொடூரம் செய்யும் காட்சி. நாள் கணக்கில் எடுத்தும் சரியாக வரவில்லை. கடைசியில் குப்ரிக் நாயகன் மால்கம் மெக்டவலிடம், உனக்கு ஆடத் தெரியுமா என்று கேட்டார். மெக்டவல் ஆடிக்கொண்டே, வாயில் வந்த பாட்டைப் பாடினார்: ‘சிங்கிங் இன் த ரெயின்’. ஏன் அது? அவருக்கு வரிகள் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஏறக்குறைய அது ஒன்றுதான். குப்ரிக் உடனே ஒத்திகையை நிறுத்திவிட்டு உரிமையை வாங்க ஓடினார். பத்தாயிரம் டாலர் என்று மெக்டவல் சொல்லுவார். உலகின் மிக மகிழ்ச்சியான பாட்டு ஒரே நாளில் முதுகுத்தண்டைச் சில்லிடவைக்கும் பாட்டாகிவிட்டது. இப்படியொரு பொருத்தத்தை ஒரு குழு உட்கார்ந்து ஆறுமாசம் விவாதித்தாலும் கண்டுபிடித்திருக்காது. யோசனையைச் சொன்னவனை வெளியே அனுப்பியிருக்கும்.

ஜீன் கெல்லி என்று ஒருவர் இருந்தார். 1952 படத்தில் மழையில் குடையோடு ஆடி அந்தப் பாட்டைத் தன் சொத்தாக்கிக்கொண்டவர். (சொத்து என்றும் சொல்ல முடியாது. பாட்டு 1929-லேயே வேறொரு படத்தில் வந்துவிட்டது. அவருக்கும் செகண்ட் ஹேண்ட்தான்.) ‘கிளாக்வொர்க்’ கடைசியில் பெயர்கள் ஓடும்போது கெல்லியின் குரலிலேயே அது ஒலிக்கிறது. ஹாலிவுட் விருந்து ஒன்றில் மெக்டவலை அவரிடம் அறிமுகம் செய்துவைக்கப் போக, கெல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டார். புனிதமான பாட்டைக் கெடுத்துவிட்டேன் என்று கோபம் போலும் என மெக்டவல் பல வருஷம் சங்கடப்பட்டார். கெல்லி காலமான பிறகு அவர் மனைவி உண்மையைச் சொன்னார்: கோபம் உங்கள்மேல் இல்லை, குப்ரிக்மேல், கெல்லிக்குக் காசு வரவில்லை. புனிதம் கெட்டதெல்லாம் நம் கற்பனை. கெல்லியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

1977-ல் ஜார்ஜ் லூகாஸ் கொஞ்சம் நியாயமான ஆள். ‘ஸ்டார் வார்ஸ்’ மதுக்கடையில் கொம்பும் மூன்று கண்ணும் வைத்த ஜந்துக்கள் குடித்துக்கொண்டிருக்க, இன்னொரு ஜந்துக்கோஷ்டி வாசிக்க வேண்டும். என்ன வாசிக்கும்? 1930-களின் பென்னி குட்மன் பாணி ஸ்விங் இசை எங்கோ பாறைக்கடியில் இந்த ஜந்துக்களுக்குக் கிடைத்து, அவை தமக்குப் புரிந்தமாதிரி வாசித்தால் எப்படி இருக்கும் என்று ஜான் வில்லியம்ஸிடம் சொன்னார். வில்லியம்ஸும் அப்படியே போட்டார். முக்கிய இசைக்கும் முழு சிம்பொனி வாத்தியக்குழு. விதி வேறுமாதிரி சிரித்தது. மேக்கோ என்பவர் இரண்டையும் கலந்து டிஸ்கோ தாளம் சேர்த்து ஓர் இசைத்தட்டு விட, அது அந்த அக்டோபரில் அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போனது. வில்லியம்ஸின் அசல் பத்தாவது இடத்தோடு நின்றது. விண்மீன் மண்டலத்தை வென்றவரை அமெரிக்காவில் டிஸ்கோ வென்றது.

‘பேக் டு த ஃபியூச்சர்’, 1985. மார்ட்டி என்கிற பையன் 1955 நவம்பருக்குப் போய், பள்ளி நடனத்தில் சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ பாட்டை வாசிக்கிறான். பாட்டு வெளிவந்ததோ 1958-ல். அதைக் கேட்டு அசந்த ஒருவர், நீ தேடின புது சத்தம் இதுதான் என்று தன் உறவுக்காரர் சக் பெர்ரிக்குத் தொலைபேசியைப் பிடித்துக் காட்டுகிறார். அப்படியானால் பாட்டை எழுதியது யார்? பெர்ரியிடமிருந்து மார்ட்டி கற்றான், மார்ட்டியிடமிருந்து பெர்ரி கற்றார். முதல் ஆசாமி யாருமே இல்லை. கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய இசையை வெள்ளைக்காரப் பையன் கைக்கு மாற்றிவிட்ட சாமர்த்தியத்தைச் சிலர் அப்போதே கவனித்து முறைத்தார்கள். எனக்கும் அதே முறைப்பு உண்டு. போதாக்குறைக்கு, சக் பெர்ரி 1955 நவம்பரில் சத்தம் தேடி அலையவில்லை. அந்தக் கோடையிலேயே அவருடைய ‘மேபலீன்’ நாடெங்கும் தூள்பறத்திவிட்டது. மார்ட்டி கையிலிருக்கும் கிட்டாரும் 1958 ரகம். அவன் இருக்கும் வருஷத்தில் அப்படியொரு கிட்டாரே கிடையாது. நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் வாயசைத்தார், பாடியவர் மார்க் கேம்ப்பெல். அந்தக் காட்சியில் நிஜம் என்று சொல்ல ஃபாக்ஸின் வியர்வை மட்டும்தான் மிச்சம்.

அதே பாட்டுக்கு நிஜ விண்வெளியில் ஒரு தேர்வு நடந்தது. 1977-ல் வாயேஜர் கலங்களோடு அனுப்பிய தங்கத் தட்டுக்குப் பாட்டுப் பொறுக்கியது கார்ல் சேகன் குழு. கேசர்பாய் கேர்க்கரின் இந்துஸ்தானி இசையும் இருக்கிறது, பாக்கும் பீத்தோவனும் இருக்கிறார்கள், ‘ஜானி பி. குட்’டும் இருக்கிறது. நாட்டார் இசை நிபுணர் ஆலன் லோமாக்ஸ், ராக் இசை விடலைத்தனம் என்று ஆட்சேபித்தார். பூமியில் விடலைகள் ஏராளம் என்று சேகன் பதில் சொன்னார். மறுவருஷம் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில், வேற்றுக்கிரகத்தார் பதில் அனுப்பியிருக்கிறார்கள், இன்னும் சக் பெர்ரி வேண்டுமாம் என்று செய்தி வாசித்தார்கள்.

சேகனின் நாவல் ‘கான்டாக்ட்’டை 1997-ல் படமாக்கியவர் அதே ‘பேக் டு த ஃபியூச்சர்’ இயக்குநர் ராபர்ட் செமெக்கிஸ். தொடக்கக் காட்சி அபாரம்: கேமரா பூமியை விட்டு விலக விலக, வானொலியில் கசிந்த பாட்டுகள் புதுசிலிருந்து பழசுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கேட்கும்போது புல்லரிக்கும். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. வானொலி அலை ஒளி வேகத்தில் போகிறது. வியாழனுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. படத்திலோ அங்கே போவதற்குள் பல வருஷம் பின்னால் போய்விடுகிறோம். முக்கால் மணி நேரத்துக்கு முன்பு ஒலித்த விளம்பரத்தைத்தான் அங்கே கேட்க வேண்டும். அதைப் போட்டால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

கெல்லி திரும்ப வருகிறார் என்றேனே. 2008-ல் பிக்ஸாரின் ‘வால்-இ’. எழுநூறு வருஷமாகக் குப்பை அள்ளும் ஒரு ரோபோ, பழைய வீடியோ நாடாவில் ஓர் இசைப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் காதலைக் கற்கிறது. எந்தப் படம்? ‘ஹலோ, டாலி!’, 1969. இயக்கியவர் ஜீன் கெல்லி. ஏகப்பட்ட பணத்தை விழுங்கிவிட்டுப் போட்ட முதலைத் திருப்பித் தராத படம். ‘வால்-இ’ இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் இதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய தத்துவமெல்லாம் கிடையாது. பள்ளியில் படிக்கும்போது அதன் மேடை நாடகத்தில் நடித்திருந்தார், பாட்டுகள் மண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தன. மெக்டவல் கதையேதான். ரவுடிக்கும் ரோபோவுக்கும் ஒரே ஆளின் சரக்கு, இரண்டு முறையும் அருகில் கிடந்தது என்பதால். அந்தப் படம் அமெரிக்காவில் எடுத்த நஷ்டத்தையெல்லாம் ஒரு குப்பைப்பெட்டி ரோபோ கௌரவமாகத் தீர்த்துவைத்துவிட்டது.

2015-ல் வந்த ‘த மார்ஷியன்’ எனக்குப் பிடித்த ஒரு சில்லறைத்தனம் செய்கிறது. செவ்வாயில் தனியே மாட்டிக்கொண்டவனுக்குத் துணை, தலைவி விட்டுப்போன டிஸ்கோ பாட்டுகள் மட்டும். குளிர் தாங்காமல், புளூட்டோனியம் கக்கும் சூட்டை நம்பி அணு மின்கலத்தைத் தோண்டியெடுத்து வண்டிக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுகிறான். அப்போது ஒலிப்பது டோனா சம்மரின் ‘ஹாட் ஸ்டஃப்’. இயற்பியல் வகுப்பில் பின்பெஞ்சிலிருந்து வரவேண்டிய நகைச்சுவை.

அதற்கு முந்தைய வருஷம் ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’. 1988-ல் விண்கலத்தார் தூக்கிக்கொண்டு போன பையன், அம்மா பதிந்து கொடுத்த கேசட்டை வாக்மேனில் கேட்டுக்கொண்டே வளர்கிறான். அண்டம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத பேட்டரிக்கு இத்தனை வருஷம் என்ன செய்தான் என்று யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. இயக்குநர் ஜேம்ஸ் கன் பாட்டுகளைக் கதை எழுதும்போதே முடிவு செய்துவிட்டார். முழுக்க ஏற்கெனவே வெளியான பாட்டுகளையே கொண்ட ஒரு படப்பாடல் தொகுப்பு பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை. அன்றோடு பிடித்தது சனி. அப்புறம் வந்த விண்வெளிப் படமெல்லாம் முன்னோட்டத்திலேயே எழுபதுகளின் பாட்டு ஒன்றைப் போட ஆரம்பித்தன. இப்போது பாட்டைத் தேர்ந்தெடுக்கத் தனி ஆள், உரிமை பேச வக்கீல், ரசிகர் மனநிலையை அளக்க இன்னொருவர். எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. ஒன்றும் நினைவில் நிற்பதில்லை.

அலெக்ஸ் நார்த்தின் இசை என்ன ஆயிற்று என்றால், அவர் 1991-ல் காலமானபின், 1993-ல் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் நடத்தி அதைத் தனி ஆல்பமாகப் பதிவு செய்தார். கேட்டுப் பாருங்கள், அருமையான இசை. விண்கலத்துக்குப் பொருந்தியிருக்குமா என்றால், டான்யூபைக் கேட்டுக் கெட்டுப்போன காது என்னுடையது, அதை சாட்சிக்கூண்டில் ஏற்றாதீர்கள்.

‘ஸ்டார் ட்ரெக் பியாண்ட்’ 2016-ல் வந்தது, கதை நடப்பது 2263-ல். எதிரியின் ஆயிரக்கணக்கான குட்டிக் கலங்களைக் குழப்பி வெடிக்கவைக்க, பீஸ்டி பாய்ஸின் ‘சபோட்டாஜ்’ பாட்டை உச்ச சத்தத்தில் ஒலிபரப்புகிறார்கள். 1994-ல் பிள்ளைகள் போட்டால் வீட்டார் ஓடிவந்து நிறுத்தச் சொன்ன பாட்டு. அதைக் கேட்ட டாக்டர் மக்காய், இது செவ்வியல் இசையா என்று விசாரிக்க, ஸ்பாக் முகம் மாறாமல் ஆமோதிக்கிறார். அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். ஸ்பாக் கணக்கில் தவறுகிற ஆள் இல்லை. 2263-லிருந்து 1994-க்கு 269 வருஷம். படம் வந்த 2016-லிருந்து அதே தூரம் பின்னால் நடந்தால் 1747. பாக் லைப்சிக்கில் உயிரோடு இருக்கிறார். தியாகராஜர் பிறக்க இன்னும் 20 வருஷம் பாக்கி. இந்தக் கணக்குப்படி 2263 மார்கழியில் ஏதாவது சபா பீஸ்டி பாய்ஸுக்கு ஆராதனை நடத்தி, பஞ்சரத்னம் மாதிரி ஐந்து பாட்டைக் கோஷ்டியாகப் பாடினால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. காண்டீன் ரவா தோசையைப் பற்றி மட்டும் வழக்கம்போல் புகார் இருக்கும்.